இருபது நாள் வித்தியாசம்



மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ ஐயா என்று சங்கச் செயலாளர் தம்பி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் எழுத்தாளன் அல்ல. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பென்சன் எடுத்தவன். அதனால் அடுத்த முறை பார்ப்பம் என்று ஒவ்வொரு வருடமும் நழுவிவிட்டேன். போன கோடை விடுமுறையில் பேத்தியோடு பேர்லினுக்குப் போய்வந்த பிறகு, இனியும் எழுதாமல் விடுவது சரியில்லை என்று பட்டது.

பேர்லினில் பிரீட்றிக்ஸ்ற்றாசே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபம் ஒன்று இருக்கிறது. மதில் எழும்பியதற்கு அடுத்த வருடம், 1962ல் கட்டியது. மேற்கிலிருந்து சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகிற வாசல் அது. வாசலில் நின்று அழுது பிரிந்தபடியால் சனங்கள் அதைக் ‘கண்ணீர் மாளிகை’ என்று சொன்னார்கள். 2011 முதல் நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். பாஸ்போட் பார்த்த ஒடுக்கமான கூண்டு இன்னமும் அதற்குள் நிற்கிறது.

பேத்திக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் மதில் பற்றிய பாடம் நடக்கிறது. நான் அந்தக் கூண்டைக் காட்டி, “உன்ரை அம்மா ஆறு வயசிலை இதுக்குள்ளாலைதான் வந்தவ” என்றேன். அவள் சிரித்தாள்.

“அம்மப்பா, கிழக்கு ஜேர்மன்காரர் வெளியிலை போக ஏலாமல் நிண்ட இடம் இது. யாழ்ப்பாணத்திலை இருந்து வந்த நீங்கள் இதுக்குள்ளாலை எப்பிடி வந்தனீங்கள்?”

நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மூடாத கதவு

1980ம் ஆண்டு மேற்கு ஜேர்மனி இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று கொண்டுவந்தது. அதோடு நேரே பிராங்போட்டில் வந்து இறங்குகிற வழி அடைபட்டது. மிச்சம் இருந்தது கிழக்கு பேர்லின்.

அந்த வழி திறந்திருந்த காரணம் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும். ஜேர்மனி இரண்டு நாடாக இருந்தது. பேர்லின் நகரமும் இரண்டாகப் பிரிந்து, மேற்குப் பாதி அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளின் பொறுப்பில் இருந்தது. கிழக்கு அரசாங்கம் நகரத்தின் நடுவில் மதில் கட்டி, இதுதான் எங்கள் நாட்டு எல்லை என்றது. மேற்கில் உள்ளவர்கள் அதை நாட்டு எல்லை என்று ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் பக்கத்தில் பாஸ்போட் பார்க்கும் சாவடி போட்டால், எல்லையை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று போடாமல் விட்டார்கள். ஆகவே கிழக்குக்காரன் வெளியே விட்டால் போதும். ரயில் ஏறி அடுத்த தரிப்பில் இறங்கினால் மேற்கு.

கிழக்குக்காரனுக்கும் அதில் ஆதாயம் இருந்தது. ஷொனெபெல்ட் விமான நிலையத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வழிப்போக்கு விசா குத்திக் கொடுத்தான். தன் சொந்தச் சனத்தைச் சுடுவதற்குக் காவல் வைத்த மதிலால் எங்களைப் பத்திரமாக அனுப்பி வைத்தான். எங்கள்மேல் இரக்கப்பட்டு யாரும் அதைத் திறக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களின் இழுபறிக்குள் ஒரு சின்ன இடைவெளி கிடந்தது. நாங்கள் அதுக்குள்ளாலை வந்தனாங்கள்.

புறப்பட்ட கதை

1983 ஜூலையில் நாங்கள் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு நாள் எங்களை ஒளித்து வைத்திருந்தது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்கிருந்து ‘லங்கா கல்யாணி’க் கப்பலில் காங்கேசன்துறை. அப்போது மகளுக்கு நாலு வயது. கப்பலில் அவள் கேட்ட ஒரே கேள்வி, “அப்பா, என்ரை சைக்கிளை ஆர் வைச்சிருக்கினம்?”

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் மகன் பிறந்தான். எனக்கு வேலையில்லை. திரும்பக் கொழும்புக்குப் போக மனைவி விடவில்லை. ஐயாவின் தோட்டத்தில் வெங்காயம் நட்டேன். ஊரில் சுற்றிவளைப்பு நடக்கத் தொடங்கியது. பிடிபடுகிறது வயசுப் பெடியள்தான். என் தம்பிக்கு அப்போது இருபத்திநாலு வயது. அவன் பின்வேலிக்குள் பொட்டு வைத்து, இரவில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அதுக்குள்ளாலை ஓடி, பனங்காணியில் படுப்பான்.

இவனை எப்படியாவது வெளியே அனுப்பவேண்டும் என்று ஐயா நாலு பரப்புத் தோட்டக்காணியை ஈடு வைத்தார். 1985 தொடக்கத்தில் காசு கைக்கு வந்தது. அது தம்பிக்கு என்று எடுத்த காசு. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

அந்த வருடம் மே 14ம் திகதி அநுராதபுரத்தில் கொலைகள் நடந்தன. அடுத்த நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் வந்த எங்கள் சனத்தைக் கடலில் வைத்து வெட்டினார்கள். படகில் குழந்தைகளும் இருந்ததைக் கேள்விப்பட்ட அன்று மனைவிக்கு நித்திரை இல்லை. மகனை நெஞ்சில் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். விடிந்ததும் என்னிடம் வந்தான்.

“அண்ணை, நீங்கள் பிள்ளையளோட முதல் போங்கோ. நான் தனியாள், எங்கையும் ஓடுவன். அண்ணியின்ரை நகையோட என்ரை காசையும் சேர்த்தால் உங்களுக்குக் காணும். அம்மான்ரை நகையை வைச்சு நான் அடுத்த மாசம் வாறன்.”

நான் ஒரு தரம் மறுத்தேன். ஒரு தரம்தான். இரண்டாம் தரம் அவன் சொன்னபோது பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் 18ம் திகதி யுத்தநிறுத்தம் வந்தது. “சமாதானம் வருது, இப்ப ஏன் போறியள்?” என்று அயலில் கேட்டார்கள். எங்களுக்கு அது கொழும்புக்குப் போகப் பாதை திறந்த நேரமாகத்தான் பட்டது. மாதக் கடைசியில் ரஷ்ய விமானத்தில் மொஸ்கோவுக்குப் போய், ஜூன் 30ம் திகதி கிழக்கு பேர்லினில் இறங்கினோம். கையில் இரண்டு பை. ஒன்றில் பிள்ளைகளின் உடுப்பு. மற்றதில் பால்மா, புட்டுக்குழல், சுவாமிப் படம், என் உத்தியோகக் கடிதங்கள். அந்தக் கடிதங்களை இந்த நாட்டில் ஒருவரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தக் கூண்டுக்குள் இருந்தவன் என் முகத்தையும் பாஸ்போட்டையும் மாறி மாறிப் பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. மனைவி மகனுக்குப் பால் போத்தலைப் பிடித்தபடி எனக்குப் பின்னால் நின்றாள். பிறகு படியேறி ரயில். மேற்கில் இறங்கியபோது மகள், “இனிக் கப்பலோ?” என்று கேட்டாள்.

கதவு பூட்டினது

தம்பியின் விமானச் சீட்டு ஜூலை 20ம் திகதிக்கு. நாங்கள் வந்து இருபதாம் நாள்.

அந்த வருடம் மேற்கு ஜேர்மனியில் சுமார் 74,000 பேர் தஞ்சம் கேட்டார்கள். அதில் இலங்கையரே முன்வரிசை. பத்திரிகைகளில் பெரிய கூச்சல். மேற்கு அரசாங்கம் கிழக்கோடு பேசியது. முடிவில் 1985 ஜூலை 15 முதல், அடுத்த நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழருக்கு வழிப்போக்கு விசா இல்லை என்று கிழக்கு ஜேர்மனி அறிவித்தது. அதே ஜூலை மாதத்தில், இரண்டு ஜேர்மனிக்கும் இடையிலான வியாபாரத்தில் கிழக்குக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடனின் எல்லை 600 மில்லியனிலிருந்து 850 மில்லியனுக்கு உயர்ந்தது. இரண்டும் ஒரே பேரத்தில் முடிந்தவை என்று பின்னால் வரலாறு எழுதியவர்கள் சொல்லியிருக்கினம். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கொழும்பில் ஏஜென்சிக்காரன் தம்பிக்குச் சொன்னது ஒரு வசனம்: “பாதை பூட்டிட்டாங்கள், தம்பி.” காசில் பாதிதான் திரும்பி வந்தது.

அவன் யாழ்ப்பாணம் திரும்பினான். 1986ல் மன்னாரிலிருந்து இரவுப் படகில் ராமேஸ்வரம் போனான். அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறொரு முகாம். “அண்ணை, தற்காலிகம்தான். நிலைமை திருந்த ஊருக்குப் போயிடுவன்” என்று கடிதம் எழுதினான். நானும் அப்படித்தான் எழுதினேன். “பிள்ளையளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலைதான் படிப்பிக்கவேணும்” என்று எழுதின கடிதம் ஒன்றை அவன் இன்னமும் வைத்திருக்கிறான்.

ஹைம் வாழ்க்கை

இங்கே எங்களை ஒரு சின்ன நகரத்து அகதிகள் ஹைமுக்கு அனுப்பினார்கள். நாலு பேருக்கு ஒரு அறை. குசினி பதினொரு குடும்பத்துக்குப் பொது. இரண்டு வருடத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 1987 தொடக்கத்தில் வந்த சட்டம் அந்தத் தடையை ஐந்து வருடமாகக் கூட்டியது. 1991ல்தான் அது எடுபட்டது. 1982ம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு செத்தவீட்டுக்குக் கடிதம் எடுக்காமல் போய், ரயிலில் பிடிபட்டு நான் குற்றக்காசு கட்டியிருக்கிறேன்.

வேலை இல்லாத மனிசன் என்ன செய்வான்? யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பான். தபால்காரன் வாற நேரம் எங்கள் எல்லாருக்கும் பாடம். கடிதத்தை வாசிக்க ஆள் வேண்டுமே. மகள் பள்ளிக்கூடம் போய் ஒரு வருடத்தில் டொச் பிடித்துவிட்டாள். ஹைமில் இருந்த குடும்பங்கள் எல்லாம் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக் கதவைத் தட்டும். டொக்டரிடம் போனாலும் அவள்தான் மொழிபெயர்ப்பு. பெரிய மனிசர் தங்கள் வருத்தங்களை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கூச்சப்பட்டுச் சொல்லுவினம். அவள் பாவாடையைப் பிடித்தபடி டொக்டருக்குச் சொல்லுவாள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. அவளுடைய சின்ன வயதில் அதற்கு என்ன விலை போனது என்று பிறகுதான் யோசித்தேன்.

1987ல் எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. அவள்தான் கட்டிலில் இருந்து வாசித்தாள். “அப்கெலேன்ற்” என்று ஒரு சொல். நிராகரிக்கப்பட்டது. அடுத்த பக்கத்தில் நீளமான விளக்கம். “அப்பா, நாங்கள் நல்லாச் சாப்பிட்டு நல்லா இருக்கத்தான் வந்ததெண்டு எழுதியிருக்கினம்” என்றாள். மனைவி அடுப்பில் பருப்பை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அந்தப் பயம்தான். 1986 கோடையில் எங்கள் ஹைமில் இருந்த பெடியன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஓகஸ்ட் 11ம் திகதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிக் கப்ரின் காப்பாற்றிய செய்தி வந்தது. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பல் ஏறியவர்கள். “ஜேர்மனி பாதுகாப்பான நாடுதானே, பிறகேன் ஓடினவை?” என்று வெள்ளைக்காரர் கேட்டார்கள். வேலையும் இல்லாமல், நாளைக்கு இருப்போமா என்றும் தெரியாமல் ஹைம் யன்னலடியில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வி வராது.

1989 ஜூலை 10ம் திகதி ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தமிழர் வழக்குகளில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. உள்நாட்டுப் போர் நடக்கும்போது அரசாங்கம் செய்வதை எப்போது அரசியல் துன்புறுத்தலாக எடுக்கலாம் என்று ஆராய்ந்த தீர்ப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் படிக்கினம். அந்த வருடமே நவம்பர் 9ம் திகதி மதில் விழுந்தது. ஹைமில் தொலைக்காட்சியைச் சுற்றி நின்று பார்த்தோம். நாங்கள் வந்த கதவு இனி எல்லாருக்கும் திறந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அப்படி நடக்கவில்லை. 1993 ஜூலை 1 முதல் தஞ்ச உரிமையையே சுருக்கி அரசியலமைப்பைத் திருத்தினார்கள்.

எங்களுக்கு 1992ல் ஒழுங்கான விசா கிடைத்தது. நான் அதற்கு முன்னமே வேலை எடுத்துவிட்டேன். முதல் சம்பளத்தில் ஐயாவின் ஈட்டுக்குக் காசு அனுப்பினேன். தம்பியைக் கூப்பிடலாம் என்று விசாரித்தால், சகோதரத்தைக் கூப்பிட இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஏஜென்சிக்குக் கட்டக் காசு சேர்ந்த நேரம் அவன் முகாமிலேயே கலியாணம் முடித்து இரண்டு பிள்ளையள். இவையளை விட்டிட்டு வரமாட்டன் என்றான்.

நான் சொன்ன சொல்

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான விசயம்.

2015ல் சிரியாச் சனம் திரள் திரளாக வந்தது. எங்கள் சங்கக் கூட்டத்தில் அவர்களுக்குக் குளிர் உடுப்புச் சேர்த்துக் கொடுப்பம் என்று ஒரு பிள்ளை சொன்னது. நான் எழும்பினேன். “இவையள் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவை. ஆளுக்கொரு போன் வைச்சிருக்கினம். நல்லா இருக்க வந்தவையை அகதியெண்டு சொல்லேலாது” என்று சொன்னேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

மகளும் அன்று அங்கே இருந்தாள். சபையில் ஒன்றும் பேசவில்லை. காரில் வரும்போது, பாதையைப் பார்த்தபடி சொன்னாள்:

“அப்பா, எங்கடை கடிதத்திலையும் அதைத்தான் எழுதியிருந்தவை. நான்தான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினனான்.”

இருபத்தெட்டு வருடம் அந்தக் கடிதத்தை அவள் மனதில் வைத்திருக்கிறாள் என்று அன்றுதான் அறிந்தேன். வீடு வரும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை நானும் மனைவியும் உடுப்பு மூட்டைகளோடு அந்த ஹைமுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் மூக்கில் பட்ட மணம் அதே பழைய மணம். பொதுக் குசினியும் ஈர உடுப்பும்.

தம்பி வீட்டில்

2017ல் தமிழ்நாட்டுக்குப் போய்த் தம்பியைப் பார்த்தேன். கையில் ஜேர்மன் பாஸ்போட். அவனிடம் முகாம் அடையாள அட்டை. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, முன்னால் அவனே கட்டின தகரப் பத்தி. முகாமில் ஆள் எண்ணுகிற நாளில் ஆள் நிற்கவேண்டும். 1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கெடுபிடி கூடியதாம். அவன் மகன் எஞ்சினியரிங் படித்துவிட்டுப் பெயின்ற் அடிக்கப் போகிறான். அந்தப் பிள்ளை பிறந்தது இந்தியாவில்தான். ஆனால் 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரசையாக இருக்கவேண்டும். 2019ல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைத்தான் சொன்னது. இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021ல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட அந்த முகாம்களில் எங்கள் சனம் இன்னமும் இருக்கிறது.

இரவு பத்திக்குள் இரண்டு பேரும் பாயில் இருந்தோம். முப்பது வருடமாகக் கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன். “அது உனக்கு எடுத்த காசு. நான் இன்னொரு தரம் மறுத்திருக்கவேணும், என்னடா?”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் மறுத்து நான் போயிருந்தால் இந்த அறைக்குள்ளை அண்ணியும் பிள்ளையளும் இருந்திருப்பினம். நான் அங்கையிருந்து அதை என்னெண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறது?” என்றான். “ஆனா அண்ணை, இடைக்கிடை நினைக்கிறனான். இல்லையெண்டு சொல்லமாட்டன்.”

அவ்வளவுதான். தேத்தண்ணி போட எழும்பிவிட்டான்.

நாங்கள் இங்கே கூட்டங்களில் அடிக்கடி சொல்கிற ஒரு கதை இருக்கிறது. கஷ்டப்பட்டு உழைத்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், முன்னேறினோம் என்ற கதை. அது பொய் இல்லை. தம்பியும் கஷ்டப்பட்டுத்தான் உழைத்தான், பிள்ளைகளைப் படிப்பித்தான். அவன் ஒரு குறையும் விடவில்லை. அவனுடைய சீட்டில் ஜூலை 20 என்று இருந்தது.

ஆகவே இந்தப் புத்தாண்டில் என் வயதுக்காரரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி எடுங்கோ. எந்த வருடம், எந்தத் திகதி, எந்த வழியால் வந்தீர்கள், யாருடைய காசில் வந்தீர்கள், வரவிருந்து வர முடியாமல் போனவர் யார் என்று எழுதி வையுங்கோ. நாங்கள் போன பிறகு பிள்ளைகள் கேட்க ஆள் இராது. எழுதும்போது நல்லதை மாத்திரம் பொறுக்கி எழுதவேண்டாம்.

பேத்தி இதையெல்லாம் கேட்டுத் தன் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதினாள். டொச்சில் எழுதினதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கடைசியில் தம்பியின் பெயரும் இருந்தது. “அம்மப்பா, இந்த எழுத்துச் சரியோ?” என்று அந்தப் பெயரைக் காட்டிக் கேட்டாள். சரி என்றேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதி அவனுக்கும் அனுப்புவேன்.

எல்லா வீடுகளிலும் பிறக்கிற ஆண்டு நல்லபடி பிறக்கட்டும்.